தாமதத்துக்குக் காரணம்

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் சுமார் 700 கிலோமீட்டர். "நாலுக்கு எடுத்தா நாலுக்கு எறங்கிடலாம்" என்பது அப்பாவின் கணக்கு. விடிகாலை நாலு மணிக்கு வண்டியை எடுத்தால் விழுப்புரம் பக்கம் இட்லி, மதுரை தாண்டி மதியச் சாப்பாடு, சாயங்காலம் நாலு மணிக்கு முக்கடல். போன பிப்ரவரியில் நாங்களும் நாலு மணிக்குத்தான் எடுத்தோம். போய்ச் சேர்ந்தது நாலாவது நாள் ராத்திரி.

கடலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டே தெற்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் பல வருஷத்து ஆசை. மரக்காணம், கடலூர், தரங்கம்பாடி, நாகூர், வேதாரண்யம், தொண்டி, தனுஷ்கோடி, தூத்துக்குடி, மணப்பாடு என்று வரைபடத்தில் விரலால் பல தடவை போய்வந்த வழி. அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார்.

"கன்னியாகுமரிக்கு நாகப்பட்டினம் வழியா போறவன இப்பத்தான்டா பாக்கறேன். தலையைச் சுத்தி மூக்கைத் தொடற கதையா இருக்கு."

சொன்னாரே தவிர, மறுநாள் சாயங்காலமே அவருடைய ரெக்ஸின் பை கூடத்தில் தயாராக உட்கார்ந்திருந்தது.

அப்பா டிரைவர். 1982ல் அரசு விரைவுப் பேருந்தில் சேர்ந்தார். அப்போது அதற்குத் திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம் என்று பேர். 2011ல் ஓய்வு. இந்த 29 வருஷத்தில் பெரும்பகுதி சென்னை – வேளாங்கண்ணி, சென்னை – நாகப்பட்டினம், அதுவும் ராத்திரி சர்வீஸ். இப்போது எழுபத்திரண்டு வயது. காரில் முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தால் அவருடைய வலது கால் சும்மா இருக்காது. எதிரே லாரி வரும்போது எனக்கு முன்னால் அந்தக் கால் தரையை அழுத்தும். இல்லாத பிரேக்கை எத்தனை தடவை மிதிக்கிறார் என்று பின்சீட்டிலிருந்து என் மனைவி எண்ணிக்கொண்டு வருவாள்.

அவர் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓடோமீட்டரைப் பார்த்து எழுதினார்: கிளம்பிய இடம், நேரம், கிலோமீட்டர்.

"ட்ரிப் ஷீட்டா மாமா?" என்றாள் மனைவி.

"பழக்கம்மா."

அந்த ட்ரிப் ஷீட்டைப் பற்றிச் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். வண்டி ஊருக்குள் வந்த நேரம், எடுத்த நேரம், தாமதமானால் அதற்குக் காரணம். ரயில்வே கேட், மறியல், மழை, பிரேக்டவுன், எதுவானாலும் ஒரு வார்த்தை எழுத வேண்டும். டீசலுக்குத் தனிக் கணக்கு. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை டிரைவர்கள் கே.எம்.பி.எல். என்பார்கள். எங்கள் வீட்டில் என் மார்க்கைவிட அப்பாவின் கே.எம்.பி.எல். அதிகம் பேசப்பட்டது. "எல்லாக் காரணமும் எழுதியிருக்கேன். ஆனா 'காரணம்: டிரைவர்'னு மட்டும் ஒருத்தனும் என் ஷீட்டுல எழுதினதில்ல" என்று அன்று காலை திருவான்மியூர் தாண்டுவதற்குள்ளேயே ஒரு தடவை சொல்லிவிட்டார்.

கூடவே ஒரு கேள்வி. "ஸ்டெப்னில காத்து பாத்தியா?"

"பாத்துட்டேம்பா."

பார்க்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டில் நானும் அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்தால் டி.வி.தான் பேசும். காரில் அப்படியில்லை. இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், முகம் பார்க்கிற சங்கடம் கிடையாது. பாதியில் பேச்சு நின்றாலும் யாரும் எழுந்து போக முடியாது. பத்து கிலோமீட்டர் கழித்து விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். தூரப் பயணத்தின் மேல் எனக்குள்ள மோகத்துக்கு மலையும் கடலும் எல்லாம் அப்புறம்தான்.

வயலூர் பக்கம் பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது இன்னும் இருட்டு. ஆறு கடலில் சேருகிற இடம். கீழே மணல் வெளுப்பாகத் தெரிந்தது. அடுத்து இடைக்கழிநாடு வரும். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு ஆற்றுப்படை. பரிசு வாங்கி வந்த பாணனோ கூத்தனோ எதிரே வருகிற ஏழைக் கலைஞனுக்கு 'இந்த வழியா போ' என்று சொல்கிற பாட்டு. அதில் சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இந்த இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். அவர் காட்டுகிற வழியில் முதலில் வருவது எயிற்பட்டினம். இன்றைய மரக்காணம்தான் அது என்பார்கள். எனக்குப் பிடித்தது, அந்த வழிகாட்டி தூரத்தைப் பெரிதாகச் சொல்வதில்லை. எந்த ஊரில் யார் என்ன சாப்பாடு போடுவார்கள் என்பதைத்தான் சொல்கிறது. எயிற்பட்டினத்தில் பரதவர் வீட்டில் சுட்ட கருவாடு, வேலூரில் எயினர் வீட்டில் புளி சேர்த்த சோறு, ஆமூரில் உழவர் வீட்டில் வெள்ளைச் சோறும் நண்டும். நம் ஊர்க்காரன் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலும் வழி கேட்டால் ஓட்டல் பேரைத்தான் சொல்லியிருக்கிறான்.

இதை அப்பாவிடம் சொன்னேன். "அந்தக் காலத்துல மோட்டல் இல்ல, தப்பிச்சான்" என்றார். ராத்திரி பஸ்ஸில் போனவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

மரக்காணத்தில் விடிந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் உப்பளம். பாத்தி பாத்தியாக நிற்கிற தண்ணீரில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு பாத்தியில் ரோஜா நிறம், பக்கத்துப் பாத்தியில் ஈய நிறம், அடுத்ததில் ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை. நீண்ட கழியின் நுனியில் பலகை வைத்து ஒருவர் உப்பை வாரிக்கொண்டிருந்தார். இழுக்கும்போது சரக்கென்று ஒரு சத்தம், பிறகு தண்ணீர் வடிகிற சத்தம். அவர் வரப்பில் குவித்துக்கொண்டே போக, நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம்.

அப்பா இறங்கி மூக்கை உறிஞ்சினார். "இந்த வாசனைதான். இது வந்தா பாண்டி பக்கம்னு தெரிஞ்சுக்குவேன். கண்டக்டர் தூங்கிட்டு இருப்பான்." ஈ.சி.ஆர். அகலமான பிறகு எத்தனையோ ராத்திரி இந்த வழியாக வந்திருக்கிறார். உப்பளத்தைப் பகலில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கு இந்த ரோடு அத்துப்படி, ஆனால் பார்த்ததில்லை. எந்த வளைவில் மாடு படுத்திருக்கும், எந்தப் பாலத்தில் இணைப்பு தட்டும், எங்கே எதிரே வருகிறவன் டிம் அடிக்க மாட்டான் எல்லாம் தெரியும். ஹெட்லைட் விழுந்த அளவு மட்டும் தெரியும்.

பாண்டிச்சேரியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நாங்கள் அங்கே பெட்ரோல் போட்டோம். தமிழ்நாட்டைவிட விலை குறைவு, அந்த வழியாகப் போகிறவர்கள் டாங்கைக் காலி செய்துகொண்டே வந்து அங்கே நிரப்புவார்கள். கடலூர், சிதம்பரம், கொள்ளிடம், சீர்காழி. வயலில் அறுவடை முடியும் பருவம். ரோட்டில் பாதியை வைக்கோல் எடுத்துக்கொண்டது.

தரங்கம்பாடியில் மெயின் ரோட்டிலிருந்து இடது பக்கம் ஒரு தெரு இறங்குகிறது. அப்பா அந்த முனையில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"இந்த முக்குலதான் ஆளை எறக்குவோம். ராத்திரி ரெண்டரை, மூணு மணி இருக்கும். எறங்கினவன் அந்தப் பக்கம் இருட்டுக்குள்ள போவான். அங்க என்ன இருக்குன்னு நான் ஒருநாளும் யோசிச்சதில்ல."

அங்கே ஒரு டென்மார்க் இருந்தது. 1792ல் கட்டிய வாசல் ஒன்று, அதைத் தாண்டினால் ராஜ வீதி, கடைசியில் கடலைப் பார்த்தபடி டேனிஷ்காரர்கள் 1620ல் கட்ட ஆரம்பித்த கோட்டை. தஞ்சையின் ரகுநாத நாயக்கர் அவர்களுக்கு இடம் கொடுத்தார். டென்மார்க் அரசருக்குத் தங்க ஓலையில் எழுதிய கடிதம் இன்னமும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. 1706ல் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் இந்தக் கரையில் இறங்கித் தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார். 1845ல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். கரையோரம் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்துக் கோயில், முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

வெயில் ஏறிவிட்டது. கோட்டை மதில் நிழலில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றோம். டென்மார்க்கிலிருந்து 1618ல் கிளம்பின கப்பல்கள் 1620ல்தான் இந்தப் பக்கம் வந்தன என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா உப்பும் மிளகாய்ப்பொடியும் ஒட்டின விரலைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அத்தனை நாளா? லேட்டுக்குக் காரணம் என்னன்னு எழுதியிருப்பான்?"

அங்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. காரைக்கால் வழியாக நாகூர் போனபோது சாயங்காலம். தர்காவின் பெரிய மினாரா 131 அடி, தஞ்சை மராத்திய அரசர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. அந்த மினாராவைவிட எங்களை நிறுத்தி வைத்தது அதன் பக்கத்துச் சந்தில் ஒரு சட்டி. வாடா போட்டுக்கொண்டிருந்தார்கள். வடை இல்லை, வாடா. அரிசிமாவை உள்ளங்கையில் தட்டி, வெங்காய மசாலா வைத்து, மேலே ஓர் இறாலைப் பதித்து எண்ணெயில் விடுகிறார்கள். இறால் சிவந்து சுருளும்போது எடுத்துவிட வேண்டும். ஒரு நிமிஷம் தாண்டினால் ரப்பர். போடுகிற அம்மாள் எங்களோடு பேசிக்கொண்டேதான் இருந்தார். கண் மட்டும் சட்டியை விட்டு நகரவில்லை. அப்பா நாலு தின்றார். அவருக்கு சர்க்கரை, பிரஷர், எண்ணெய்ப் பண்டம் கூடாது. மனைவி அவரைப் பார்த்தாள். அவர் மினாராவைப் பார்த்தார்.

ராத்திரி வேளாங்கண்ணியில் தங்கினோம். டூட்டிக் காலத்தில் அப்பா அந்த ஊரில் கழித்த நேரமெல்லாம் பஸ் ஸ்டாண்டு ஓய்வறையில் பகல் தூக்கம்தான். காலையில் கடற்கரைக்குப் போய்விட்டு வந்து, "கோயில் பெருசுதான்" என்றார்.

வேளாங்கண்ணிக்குத் தெற்கே அவருக்கும் அது புது ரோடு. அதுவரை வழி சொல்லிக்கொண்டு வந்தவர் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். வலது கால்கூடக் கொஞ்சம் அடங்கியது.

வேதாரண்யத்தை ஒட்டிய அகஸ்தியன்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூண் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13ந் தேதி ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்தே கிளம்பி, 30ந் தேதி இங்கே உப்பு அள்ளிக் கைதானார்கள். பாடப் புத்தகத்தில் இதற்கு இரண்டு வரி. அந்த இரண்டு வாரச் சாப்பாட்டுக் கதை பாடப் புத்தகத்தில் இல்லை. தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், சத்தியாகிரகிகளுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறை என்று அறிவித்துவிட்டார். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆற்றங்கரையில் பாத்திரத்தோடு புதைத்துவிட்டு, அடையாளத்துக்கு மேலே நாணலை முடிந்து வைத்தார்கள். யார் கொடுத்தது? மரம் கொடுத்தது. யாரை ஜெயிலில் போடுவாய்?

அங்கிருந்து கோடியக்கரைக்குப் போய் வெளிமான் பார்த்தோம். முறுக்கின கொம்போடு ஒரு கிடா எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சுவாரஸ்யம் இல்லாமல் திரும்பிக்கொண்டது. மனைவி வேதாரண்யம் கல்லுப்பு ஐந்து கிலோ வாங்கி டிக்கியில் வைத்தாள். சென்னையில் கிடைக்காத பொருளா என்று கேட்க வாயெடுத்தேன். அப்பா வேண்டாம் என்று கண் காட்டினார்.

2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியது இந்தப் பக்கம்தான். முத்துப்பேட்டை தாண்டிப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைப் பார்த்தால் தெரியும். பழைய தோப்பில் மரங்கள் பல உயரத்தில் இருக்கும், தாத்தா மரம், பேரன் மரம் என்று. இங்கே பல தோப்புகளில் எல்லா மரமும் ஒரே வயசு, ஒரே உயரம், பள்ளிக்கூட வரிசை மாதிரி. நடுவே தப்பித்த கிழமரம் ஒன்று எட்டிப் பார்க்கும்.

அதிராம்பட்டினத்தை அடுத்த ராஜாமடத்தில் ஒரு பழைய சத்திரம் இருக்கிறது. காசியிலிருந்தும் எங்கெங்கிருந்தோ ராமேஸ்வரத்துக்கு நடந்து போகிறவர்களுக்காகத் தஞ்சை மராத்தியர்கள் வழிநெடுகக் கட்டிய சத்திரங்களில் ஒன்று. இதற்கு வடக்கே ஒரத்தநாட்டில் 1802ல் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரம் இன்னும் பெரிது. இந்தச் சத்திரங்களை நடத்த விடவேண்டும் என்று சரபோஜி 1801ல் ஆங்கிலேய ரெசிடென்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சாதி பார்க்காமல் எல்லோருக்கும் சாப்பாடு; நடுராத்திரியில் மணி அடித்து, சாப்பிடாமல் தூங்கிவிட்டவர்களை எழுப்பிச் சோறு; நோயாளிக்கு வைத்தியம்; வழியில் இடுப்புவலி கண்ட பெண்ணுக்குப் பிரசவம் பார்த்து, உடம்பு தேறும்வரை பராமரிப்பு. அதையெல்லாம் விவரமாகச் சொல்லியிருக்கிறார்.

கார் ஓட்டிக்கொண்டே இதைச் சொன்னேன். அப்பா ஐந்தாறு கிலோமீட்டர் ஒன்றும் பேசவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"எனக்கும் ஒண்ணு ஆச்சு" என்றார். "சீர்காழி வர்றதுக்குள்ள. எண்பத்தி ஏழோ எட்டோ. பின்னாடி ஒரு பொண்ணு கத்துது. கண்டக்டர் வந்து சொல்றான், இடுப்புவலின்னு. பஸ்ஸை நேரா ஆஸ்பத்திரி வாசலுக்கே விட்டேன். அந்தச் சந்துல பஸ் போகாது. போச்சு. ஐம்பத்திரண்டு பேரும் ரோட்டுல எறங்கி நிக்கறாங்க, ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல. அழுகைச் சத்தம் கேட்டப்புறம்தான் வண்டிய எடுத்தேன். ஒண்ணே முக்கா மணி நேரம் லேட்டு."

"என்ன காரணம் எழுதினீங்க மாமா?" பின்சீட்டிலிருந்து கேள்வி.

"பிரசவம்னு எழுதினேன். டைம் கீப்பர் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பாக்கறான். 'இப்படி ஒரு காரணம் கெடையாதேண்ணே, டயர் பஞ்சர்னு போட்டுக்கவா?'ங்கறான்."

"போட்டாரா?"

"போட்டுக்கோன்னுட்டேன். பொண்ணா பையனான்னு கேக்காம வந்துட்டேன். அதான்."

இதை என் அம்மாவுக்காவது சொல்லியிருக்கிறாரா, தெரியாது. அவள் இல்லை இப்போது. என்னிடம் சொன்னதில்லை. நாற்பது வருஷம் அவரோடு ஒரே வீட்டில் இருந்தும் கேட்காத கதை, ராஜாமடத்துக்கும் மல்லிப்பட்டினத்துக்கும் நடுவில் வந்தது.

மல்லிப்பட்டினம் பக்கத்தில் மனோரா. கடலோரம் எட்டு அடுக்கு கோபுரம். நெப்போலியனை ஆங்கிலேயர் தோற்கடித்ததைக் கொண்டாட 1814ல் அதே சரபோஜி எழுப்பியது. "எவனோ எவனையோ எங்கயோ தோக்கடிச்சதுக்கு இங்க எதுக்குடா கட்டடம்?" என்றார் அப்பா. சத்திரம் கட்டின கை மேல் அவருக்கு வந்த மரியாதை கொஞ்சம் இறங்கிவிட்டது தெரிந்தது.

மீமிசல், தொண்டி, தேவிபட்டினம். சீமைக்கருவேலம், சீமைக்கருவேலம், சீமைக்கருவேலம். ராமநாதபுரத்தில் தூங்கினோம்.

மூன்றாம் நாள் பாம்பன். 1988ல் ரோட்டுப் பாலம் திறக்கும்வரை தீவுக்கு ரயில்தான் வழி. 1914ல் போட்ட பழைய ரயில் பாலம் துருவேறி ஓய்வில் நிற்க, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் பக்கத்தில் வெள்ளையும் சொள்ளையுமாக நின்றது. ரோட்டுப் பாலத்தில் எல்லோரும் வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் வேகத்தைக் குறைத்தேன். "பாலத்துல நிறுத்தாத. எடு." டூட்டிக் குரல். எடுத்துவிட்டேன்.

தனுஷ்கோடியைப் பற்றி என்ன சொல்ல? 1964 டிசம்பர் 22ந் தேதி ராத்திரி புயலில் ஊர் போனது, வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலும் போனது. அதுவரை எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கிக்கொண்டு போட் மெயிலில் இங்கே வந்து, கப்பல் ஏறித் தலைமன்னார் போய், மறுபடி ரயில் ஏறி கொழும்பு போயிருக்கிறார்கள். நடுவில் கடல் முப்பது கிலோமீட்டர்தான். 2017லிருந்து அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு. இரண்டு பக்கமும் கடல். இடப் பக்கம் குளம் மாதிரி, வலப் பக்கம் கோபமாக. ரோடு ஓர் வட்டம் அடித்து அசோகத் தூணைச் சுற்றித் திரும்பிவிடுகிறது. ரோடு முடிகிற இடத்தை அப்பா அதற்கு முன் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். டிரைவருக்கு ரோடு என்றால் அடுத்த ஊர். அவர் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காற்றில் சாய்ந்து நின்றார். கூப்பிட்டால் காது கேட்காத காற்று. கூப்பிடவும் இல்லை. அன்றும் ராமநாதபுரத்துக்கே திரும்பிவந்து படுத்தோம்.

நாலாம் நாள் காலை சாயல்குடி தாண்டி, வேம்பாருக்கு முன்னால், முன் டயர் பஞ்சர். டிக்கியைத் திறந்து கல்லுப்பு மூட்டையை இறக்கி ஸ்டெப்னியை எடுத்தேன். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. காற்று இல்லை.

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. அப்பாவும் என்னைப் பார்க்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பனைமரங்களை எண்ணுகிற மாதிரி நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை.

எதிரே வந்த உப்பு லாரி தானாகவே ஓரங்கட்டியது. இறங்கின டிரைவருக்கு முப்பது வயசு இருக்கும். அப்பா நின்ற விதத்தைப் பார்த்ததுமே, "அண்ணாச்சி, நீங்க லைன் வண்டியா?" என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை புரியவில்லை. அவர்தான் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினார். போன் போட்டு யாரையோ டி.வி.எஸ். எக்ஸ்எல்லோடு வரவழைத்தார். சக்கரத்தை அதில் கட்டிக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்து சாயல்குடி போனேன். பஞ்சர் கடைக்காரர் டயரில் சோப்புத் தண்ணீர் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து, பசை தொட்ட ரப்பர்த் திரியை ஊசியால் சொருகி, மிச்சத்தை பிளேடால் அறுத்தார். பத்து நிமிஷ வேலை. போக வர ஒன்றேகால் மணி நேரம்.

திரும்பி வந்தபோது லாரி போய்விட்டிருந்தது. பனைமரத்தடியில் அப்பாவும் மனைவியும் ஆளுக்கொரு ஓலைப் பட்டையை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பதநீர், அந்தப் பக்கம் பதனி என்கிறார்கள். பருவம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறதாம். எனக்கும் ஒரு பட்டை. பச்சை ஓலை வாசனையும் சுண்ணாம்பின் லேசான காரமும், அடியில் தித்திப்பு. பனை ஏறினவர் காசு வாங்க மாட்டேன் என்றார். மனைவி அரைக் கிலோ கல்லுப்பை எடுத்து நீட்ட, அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரனுக்கு உப்பா! குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டுக்கே உப்புப் போடுகிற ஊர்.

அதற்குப் பிறகு வேகமாகத்தான் போனோம். தூத்துக்குடியில் மக்ரூன் ஒரு பொட்டலம். "வாயில போட்டேன், காணோம்" என்று அப்பா மூன்று தடவை தேடிப் பார்த்தார். திருச்செந்தூரில் கூட்டம், கோபுரத்தோடு சரி. மணப்பாட்டில் மணல் மேட்டின் மேல் சிலுவைக் கோயில், கீழே பிறை மாதிரி வளைந்த கரை. அங்கே இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். உவரியைத் தாண்டினால் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள், ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன.

கன்னியாகுமரியில் சூரியன் மறைவதையும் பார்க்கவில்லை, மறுநாள் உதிப்பதையும் பார்க்கவில்லை. நன்றாகத் தூங்கிவிட்டோம். திரும்பும்போது நாலுவழிச் சாலை. நாலுக்கு எடுத்தோம், நாலுக்கு வீடு. அப்பா மதுரையிலிருந்து திண்டிவனம் வரை தூங்கினார்.

பத்து நாள் கழித்து வண்டியை சர்வீஸுக்கு விட்டேன். அடிப்பக்கம் முழுக்க உப்பு, கழுவாமல் விட்டால் துரு ஏறும் என்று மெக்கானிக் திட்டினார். வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா நோட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். போகும்போது 961 கிலோமீட்டர், 52.4 லிட்டர்.

"பதினெட்டு புள்ளி மூணு. பரவால்ல, இவ்வளவு நிறுத்தி எடுத்ததுக்கு" என்றார். கண்ணாடியைக் கழற்றி நோட்டின் மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

எடுத்துப் பார்த்தேன். கட்டம் போட்டு எழுதியிருந்தார். மரக்காணம், தாமதம் 35 நிமிடம், காரணம்: உப்பு. தரங்கம்பாடி, 2 மணி 10 நிமிடம், காரணம்: டென்மார்க். நாகூர், 50 நிமிடம், காரணம்: இறால். ராஜாமடத்துக்கு நேரே நிறுத்தின நேரம் எதுவுமில்லை, ஒரு கோடு மட்டும். தனுஷ்கோடி, 3 மணி, காரணம்: காற்று. வேம்பார், 1 மணி 30 நிமிடம். அதற்குக் காரணம்: காற்று இல்லை.

கடைசி வரி: கன்னியாகுமரி. வர வேண்டியது 16.00. வந்தது 20.40. தாமதம் 3 நாள் 4 மணி 40 நிமிடம். காரணம்: டிரைவர்.